பூட்டிய கதவுகளும் எங்கள் துறையின் ஆய்வுகளும்

பொதுச் சுகாதாரத் துறைக்குப் புதிதாக வரும் மாணவர்கள், ஆய்வு என்றாலே கணினியில் எண்களைப் பகுத்துப் பார்ப்பதுதான் என்ற எண்ணத்துடன் வருகிறார்கள். புள்ளியியல் மென்பொருளை விரைவில் கற்றுவிட வேண்டும் என்ற ஆர்வம் அவர்களிடம் மிகுதி. அந்த ஆர்வம் நல்லதுதான். ஆனால் பல ஆண்டுகளாகக் கள ஆய்வுகளை மேற்பார்வை செய்துவரும் எனக்கு, ஓர் ஆய்வின் தரம் பெரும்பாலும் அந்தக் கணினியைத் திறப்பதற்கு முன்பே, யாரோ ஒருவர் வீட்டு வாசலில் மாணவர் நிற்கும் அந்தச் சில நிமிடங்களில் முடிவாகிவிடுகிறது என்ற எண்ணம் ஆண்டுக்காண்டு வலுத்தே வந்திருக்கிறது.

களப்பணி தொடங்கும் வாரத்தில் தவறாமல் ஓர் அழைப்பு வரும். "மேடம், பட்டியல்ல இருக்கிற வீடு பூட்டியிருக்கு. பக்கத்து வீட்டுல ஆள் இருக்காங்க, அங்கே கேட்டுக்கலாமா?" வெயிலில் நடந்து களைத்த மாணவரின் நியாயமான கேள்வி இது. கேட்கக் கூடாது என்பதே என் பதில். காரணத்தையும் அப்போதே சொல்லிவிடுவேன். பகல் நேரத்தில் வீட்டில் இருப்பவர்கள் பெரும்பாலும் முதியவர்கள், உடல்நலம் குன்றியவர்கள், குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர்கள். வேலைக்குப் போனவர்களின் இடத்தை இவர்களைக் கொண்டு நிரப்பினால், படிவங்களின் எண்ணிக்கை நிறைந்துவிடும். ஆனால் ஆய்வு காட்டும் ஊர், உண்மையான ஊரைவிட வயதானதாகவும் நோயுற்றதாகவும் மாறிவிடும். மாதிரியின் அளவை, அதாவது ஆய்வுக்குத் தேர்ந்த வீடுகளின் எண்ணிக்கையை, இரண்டு மடங்காக்கினாலும் இந்தக் கோணல் நிமிராது. அதே கோணலை இன்னும் உறுதியான குரலில் சொல்வதாகவே அது முடியும்.

தடுப்பூசி ஆய்வுகளின் வரலாறும் இதைத்தான் காட்டுகிறது. உலக சுகாதார நிறுவனம் பரப்பிய கொத்து மாதிரி முறையில் 30 கொத்துகள் (ஊர் அல்லது தெருப் பகுதிகள்), கொத்துக்கு 7 குழந்தைகள் என 210 குழந்தைகளைப் பார்த்தால், ஏறத்தாழ 10 சதவீதப் புள்ளிகள் கூடவோ குறையவோ இருக்கும் அளவுக்குத் துல்லியம் கிடைக்கும். குறைந்த செலவில் பல நாடுகள் தங்கள் நிலையை அறிந்துகொள்ள உதவிய முறை அது. எனினும் ஒரு வீட்டில் தொடங்கி, அடுத்தடுத்த வீடுகளுக்குச் சென்று ஏழு குழந்தைகள் சேரும்வரை நடக்கும் அந்த வழியில், பூட்டிய வீட்டைக் கடந்துபோவது மிக எளிது. தடுப்பூசி கிடைக்காத குழந்தை அப்படிக் கடந்துபோன வீட்டில் இருக்க வாய்ப்பு அதிகம். 2018-இல் அந்நிறுவனம் வெளியிட்ட கையேடு, வீடுகளை முன்கூட்டியே தேர்ந்துகொள்வதையும் ஆள் இல்லாத வீட்டுக்குத் திரும்பச் செல்வதையும் வலியுறுத்துகிறது.

லண்டனில் காலரா பரவியது பிராட் தெருக் குடிநீர்க் குழாயால் என்று காட்டிய மருத்துவர் ஜான் ஸ்னோவின் 1854 ஆய்வை வகுப்பில் நடத்தும்போது, இறப்புகளைக் குறித்த, எல்லோரும் அறிந்த வரைபடத்தைவிட, அதில் பொருந்தாத இடங்களுக்கே நான் கூடுதல் நேரம் தருவேன். பிராட் தெருக் குழாயின் அருகிலேயே இருந்த ஏழையர் விடுதியில் 535 பேர் வசித்தும் ஐந்து பேரே காலராவால் இறந்தார்கள். அங்கே தனிக் கிணறு இருந்தது. அதே தெருவின் மதுவடிப்பு ஆலையில் வேலை செய்த எழுபதுக்கும் மேற்பட்டவர்களில் ஒருவர்கூட இறக்கவில்லை. மாறாக, தொலைவில் ஹாம்ப்ஸ்டெட் பகுதியில் வாழ்ந்த ஒரு கைம்பெண், அந்தக் குழாய்நீரை விரும்பி வரவழைத்துக் குடித்து இறந்தார். ஒத்துவராதவற்றை ஒதுக்கிவிடாமல் ஒவ்வொன்றாகப் போய் விசாரித்ததால்தான் ஸ்னோவின் வாதம் நின்றது. குழாயின் கைப்பிடி கழற்றப்படும் முன்பே நோய் தணியத் தொடங்கியிருந்தது என்பதையும் அவர் மறைக்காமல் எழுதினார் என்பதை மாணவர்களுக்குத் தவறாமல் சொல்கிறேன்.

களத்துக்குப் போகும் முன் ஒருவருக்கொருவர் இரத்த அழுத்தம் அளந்து பழகுவது எங்கள் வழக்கம். முதல் நாள் தாள்களை வாங்கிப் பார்த்தால் 120/80, 130/90, 110/70 என்று பூஜ்யத்தில் முடியும் எண்களே நிறைந்திருக்கும். கருவியின் அளவுகோல் இரண்டிரண்டாகப் பிரிக்கப்பட்டிருப்பதால், ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு அளவீடுகள்தான் பூஜ்யத்தில் முடிய வேண்டும். யாரும் பொய் எழுதவில்லை. 138-ஐக் காணும் கண் 140 என்று எழுதுவதில் ஒரு நிம்மதி இருக்கிறது, அவ்வளவுதான். ஆனால் 140 என்பது உயர் இரத்த அழுத்தம் என்று வகைப்படுத்தும் எல்லைகளுள் ஒன்றாக இருக்கும்போது, அந்த நிம்மதி ஒரு மனிதரை நோயாளியாக்கிவிடுகிறது. பூட்டிய வீட்டுக்குப் பதில் பக்கத்து வீடு, 138-க்குப் பதில் 140: இரண்டும் ஒரே பழக்கத்தின் இரு வடிவங்கள் என்று விளக்கியபின் தாள்கள் வெகுவாக மாறுகின்றன.

இதில் மிகுந்த கவனம் தேவைப்படும் இடம் ஒன்று உண்டு. ஆள் இல்லாத வீடு வேறு. ஆள் இருந்தும் வேண்டாம் என்று சொல்லும் வீடு வேறு. முதலாவதற்குத் திரும்பத் திரும்பப் போகலாம். இரண்டாவதற்குப் போகக் கூடாது. மனிதர்களை உட்படுத்தும் மருத்துவ ஆய்வுகளுக்கு அறநெறிகளை வகுத்த 1964-இன் ஹெல்சிங்கி பிரகடனமும் அதன் பின்வந்த திருத்தங்களும் காக்கும் மறுக்கும் உரிமை, ஒப்புதல் படிவத்தில் ஒரு வரியாக மட்டும் இருந்தால் போதாது. மாணவரின் முகபாவத்திலும் அது தெரிய வேண்டும். எனவே எங்கள் வருகைத் தாளில் நாள், நேரம், முடிவு ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கட்டங்கள் உள்ளன. 'பூட்டியிருந்தது', 'உரியவர் இல்லை', 'மறுத்துவிட்டார்' ஆகியவை வெவ்வேறு குறிகள். மறுப்பைப் பணிவுடன் ஏற்றுத் திரும்பிய மாணவர் அன்றைய வேலையை முழுமையாகச் செய்தவரே. நிரப்பிய படிவங்களின் எண்ணிக்கைக்கு மதிப்பெண் தருவதை நான் எதிர்ப்பது இதனால்தான். அந்த முறை வற்புறுத்தலுக்கும் கற்பனைப் பதில்களுக்கும் கதவைத் திறந்துவிடுகிறது.

அண்மைக் களப்பணியில், பகலில் எப்போது போனாலும் சாத்தியிருந்த வீடு ஒன்றை ஒரு மாணவி உற்றுக் கவனித்தார். வெளியே பூட்டு இல்லை. சன்னல்களில் மட்டும் தடித்த திரைகள். இரவுப் பணி முடித்துவந்து யாரோ உறங்குகிறார்கள் என்று ஊகித்து, கதவைத் தட்டாமல் ஒரு சிறு குறிப்பை விட்டுவிட்டு மாலையில் திரும்பினார். ஊகம் சரியாக இருந்தது. அதன்பின் அக்குழு தங்கள் 'பூட்டியிருந்தது' பட்டியலை எடுத்து மாலைகளிலும் விடுமுறை நாள்களிலும் மீண்டும் நடந்தது. இரவுப் பணியாளர்கள் ஒருவர்பின் ஒருவராகக் கிடைத்தார்கள். ஆய்வேட்டின் முதல் அட்டவணையில், தேர்ந்த வீடுகள் எத்தனை, சந்தித்தவை, மறுத்தவை, கடைசிவரை காண முடியாதவை எத்தனை என்று வரிசையாக எழுதியிருந்தார்கள். வாய்மொழித் தேர்வுக்கு வந்த வெளித் தேர்வாளர் அந்த ஓர் அட்டவணையிலேயே நெடுநேரம் கேள்வி கேட்டார். அவர்களும் வீடு வீடாக விடை சொன்னார்கள்.

இப்போது அந்த மாணவி, இரவுப் பணியாளர்களின் உறக்கத்தையும் இரத்த அழுத்தத்தையும் பற்றிய தனி ஆய்வு ஒன்றுக்கு முன்மொழிவு எழுதிவருகிறார். பணி முடிந்து வந்தவுடன் அளப்பதா, உறங்கி எழுந்தபின் அளப்பதா என்பது இன்னும் முடிவாகவில்லை. எப்படியானாலும் அவர்களின் உறக்கத்தைக் கலைக்காத நேரமாக அது இருக்க வேண்டும் என்பதை மட்டும் அறநெறிக் குழுவுக்கான விண்ணப்பத்தில் முதலிலேயே எழுதிவிட்டார்.