ஒரே புயலுக்குள் இரண்டு டேட்டா சென்டர்

அக்டோபர் 28, 2025

புதுச்சேரி ஸ்டோரேஜ் பாக்ஸுக்கும் (டேட்டா எல்லாம் இருக்கும் டிஸ்க் பெட்டி) கடலூர் பாக்ஸுக்கும் ஜோனிங் (எது எதோடு பேசலாம் என்ற அனுமதி) முடிந்தது. ரெப்ளிகேஷனுக்கு, அதாவது இங்கே எழுதுவதை அங்கேயும் காப்பி எடுப்பதற்கு, தனி போர்ட் ஒதுக்கிவிட்டேன், சர்வர் டிராஃபிக்கோடு கலந்தால் ராத்திரி பேட்ச் ஜாப் ஓடும்போது இரண்டுமே திணறும். ஃபைபரில் ஒளி ஒரு கிலோமீட்டர் போக ஏறக்குறைய 5 மைக்ரோசெகண்ட். கேபிள் சுற்றிச் சுற்றி 50 கிலோமீட்டர் ஆனாலும் போய்வர அரை மில்லிசெகண்ட்தான். சிங்க், அதாவது இரண்டு பக்கமும் எழுதிய பிறகே ரைட் முடிந்ததாகக் கொள்ளும் முறை, தாராளமாகப் போடலாம்.

அக்டோபர் 30

கோயம்புத்தூரில் மூன்றாவது காப்பி வைப்பது பற்றி நாள் முழுக்க மீட்டிங். "அதான் கடலூர்ல ஒரு காப்பி இருக்கேப்பா, கோயம்புத்தூர் எதுக்கு?" என்றார் மேலாளர். தானே புயலை ஞாபகப்படுத்தினேன். 2011 டிசம்பர் 30 காலை அது கரை கடந்ததே இந்த இரண்டு ஊருக்கும் நடுவில்தான். கட்டடத்தில் தீப்பிடித்தால் கடலூர் காப்பி கை கொடுக்கும், இரண்டு ஊரிலும் சேர்ந்தே கரன்ட் போனால்? உடனே, "அப்போ கோயம்புத்தூருக்கும் சிங்க் போட்டுடு" என்கிறார். சிங்க் என்றால் அந்தப் பக்கம் எழுதியாச்சு என்று பதில் வரும்வரை இங்கே அப்ளிகேஷன் காத்திருக்கும், ஒவ்வொரு ரைட்டுக்கும் நாலைந்து மில்லிசெகண்ட் கூடினால் கவுன்டரில் நிற்பவர் யாரைத் திட்டுவார் சார் என்று கேட்டேன். சரி, ஏசிங்க்: பதிலுக்குக் காத்திருக்காமல் பின்னாலேயே அனுப்புவது. கடைசி சில நிமிட டேட்டா போகலாம், சம்மதம் என்று அவரிடம் மெயிலும் வாங்கிக்கொண்டேன்.

நவம்பர் 1

விடுதலை நாள் லீவு, ஆபீஸ் காலி. கோயம்புத்தூருக்கு முதல் காப்பியைத் தட்டிவிட்டேன். 40 டெராபைட், 1 ஜிகாபிட் லிங்க். முழு வேகத்தில் ஓடினாலே மூன்றே முக்கால் நாள் ஆகும், பகலில் குறைத்துத்தான் வைக்க வேண்டும்.

இன்ஸ்டால் செய்ய வந்தவர் டேட்டாபேஸின் டேட்டா லன்னையும் (லன் என்பது பாக்ஸில் பிரித்துக் கொடுத்த ஒரு டிஸ்க் பகுதி) மாற்றங்களைக் குறித்து வைக்கும் லாக் லன்னையும் தனித்தனியாகப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். இரண்டும் ஒரே கன்சிஸ்டென்சி குரூப்பில் (சேர்ந்தே காப்பி ஆகும் தொகுதி) இருந்தால்தான் எழுதிய வரிசை அந்தப் பக்கமும் அப்படியே நிற்கும். லாக் பத்து மணியிலும் டேட்டா பத்து ஐந்திலும் நின்றால் டேட்டாபேஸ் எழுந்திருக்காது. மாற்றியாச்சு.

நவம்பர் 7

யாரோ ரோடு தோண்டினார்கள், கோயம்புத்தூர் லிங்க் காலி. அனுப்ப வேண்டியதை வரிசையாகச் சேர்த்து வைக்கும் ஜர்னல் சில மணி நேரம் தாங்கியது, அப்புறம் நிரம்பி ரெப்ளிகேஷன் சஸ்பெண்ட் ஆனது. அதன் பிறகு எந்த பிளாக் மாறியது என்பது மட்டும் பிட்மேப்பில் இருக்கும், எந்த வரிசையில் என்பது இருக்காது. அதனால் மாறிய பிளாக்குகளை மறுபடி அனுப்பும் ரீசிங்க் ஓடி முடியும்வரை அந்தக் காப்பியை நம்ப முடியாது, நடுவில் இங்கே ஏதாவது ஆனால் கையில் இருப்பது பாதி பழையது பாதி புதியது. லிங்க் வந்ததும் நேரே ரீசிங்க் கொடுக்க எல்லோருக்கும் கை துறுதுறுக்கும். முதலில் கோயம்புத்தூரில் ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த நேரத்து நிலையை அப்படியே பிடித்து வைப்பது), பிறகுதான் ரீசிங்க். இதை ரன்புக்கில் (எங்கள் செய்முறைக் குறிப்பு) சிவப்பில் போட்டிருக்கிறேன்.

நவம்பர் 12

"மூணு காப்பி இருக்கே, டேப் பேக்கப்பை நிறுத்திடலாமா?" இது ஃபைனான்ஸ் கேள்வி. யாராவது ஒரு டேபிளை அழித்தால் கடலூரிலும் அதே நொடி அழியும், கோயம்புத்தூரில் கொஞ்சம் தாமதமாக அழியும், அவ்வளவுதான். டேப் தொடர்கிறது. அடுத்த வாரம் கோயம்புத்தூர் ஸ்னாப்ஷாட்டிலிருந்து டேட்டாபேஸை எழுப்பிப் பார்க்கப் போகிறோம், அங்கே இருக்கும் பையன்களே செய்யட்டும், நான் போனைக்கூட எடுப்பதாக இல்லை.