அம்பாசிடர் டீசலுக்கு ஆர்பிஎம் மீட்டர்

வீட்டில் இருப்பது பழைய அம்பாசிடர் டீசல், 1489 சிசி. எஞ்சின் நிமிடத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்ட அதில் ஒரு முள்ளும் இல்லை. மன்னார்குடிப் பக்கம் மலையா இருக்கிறது? ஆற்றுப் பாலம்தான் எங்களுக்குப் பெரிய ஏற்றம். இதற்கு எதற்கு ஆர்பிஎம் மீட்டர் என்று கேட்டால் உருப்படியான பதில் என்னிடம் இல்லை, ஆசைதான்.

பெட்ரோல் வண்டியில் இக்னிஷன் காயிலிலிருந்து ஒரு ஒயர் இழுத்தால் போதும். டீசலில் காயிலே கிடையாது, அழுத்திய காற்றின் சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்கிறது. எஞ்சினின் சுழல் தண்டான கிராங்கின் முனையில் இருக்கும் புல்லியில் காந்தம் ஒட்டி எதிரே சென்சார் வைக்கலாம். ஆனால் காந்தம் பிய்த்துக்கொண்டு பறந்தால் ரேடியேட்டர் காலி. ஃப்ளைவீல் பல்லை எண்ண வேண்டுமென்றால் ஹவுசிங்கில் துளை போட வேண்டும், அதற்கு மனசு வரவில்லை. மிச்சம் ஆல்டர்னேட்டர், அதாவது எஞ்சின் பெல்ட்டால் சுற்றி பேட்டரியை சார்ஜ் செய்யும் கருவி.

ஆல்டர்னேட்டருக்குள் உண்டாவது மூன்று ஃபேஸ் ஏசி கரண்ட். டையோடு அதை டிசி ஆக்கித்தான் பேட்டரிக்கு அனுப்புகிறது. டையோடுக்கு முன்னாலேயே ஒரு ஃபேஸிலிருந்து ஒயர் எடுத்தால், சுற்றும் வேகத்துக்கு ஏற்ற துடிப்பு கிடைக்கும். லாரி ஆல்டர்னேட்டர்களில் இதற்கென்றே ‘டபிள்யூ’ என்று ஒரு முனை இருக்கும். என்னுடையதில் இல்லை. ஆட்டோ எலக்ட்ரீஷியன் பின்மூடியைக் கழற்றி, காயில் ஒயர் டையோடு தட்டில் சேரும் இடத்தில் ஒரு ஒயரைப் பற்றவைத்து, ஸ்லீவ் போட்டு வெளியே எடுத்துக் கொடுத்தார்.

“அண்ணே, சார்ஜிங் குறையுமா?”

“மீட்டர் என்ன தண்ணி மோட்டாரா தம்பி? முள்ளு ஆட எவ்வளவு கரண்ட் வேணும்!”

அந்த ஒயரில் ஆல்டர்னேட்டரை ஒட்டியே ஒரு சின்ன ஃப்யூஸ் போட்டேன். ஒயர் எங்காவது உரசி பாடியில் பட்டால் போவது டையோடு, மீட்டர் அல்ல.

மீட்டர், ஜெனரேட்டர் பேனலில் வரும் வகை. பின்னால் அளவு திருத்த ஒரு திருகு உண்டு. உண்மையான வேலை அந்தத் திருகில்தான். ஆல்டர்னேட்டரில் 12 துருவம், அதாவது ஒரு சுற்றுக்கு 6 துடிப்பு. கிராங்க் ஒரு சுற்று சுற்றினால் ஆல்டர்னேட்டர் ஏறக்குறைய இரண்டு சுற்று, ஆக 12. 750 ஆர்பிஎம்மில் 150 ஹெர்ட்ஸ், அதாவது நொடிக்கு 150 துடிப்பு வர வேண்டும். ஆனால் பெல்ட் புல்லியின் விளிம்பில் ஓடுவதில்லை, பள்ளத்துக்குள் இறங்கி ஓடுகிறது. இரண்டு புல்லிகளின் வெளி விட்டத்தை அளந்து போட்ட இந்தக் கணக்கு அதனால் துல்லியமாக இருக்காது.

மோட்டார் ரீவைண்டிங் கடையிலிருந்து ஒளிக்கற்றை அடித்து எண்ணும் கை மீட்டரை இரவல் வாங்கினேன். கிராங்க் புல்லியைத் துடைத்து, மினுங்கும் ஸ்டிக்கர் ஒரு துண்டு. வெயில் பட்டால் கை மீட்டர் கண்டபடி எண் காட்டும், கொட்டகைக்குள் வைத்துத்தான் செய்ய வேண்டும். தம்பி ஆக்சிலரேட்டரை மிதித்து 2000-இல் நிறுத்த, நான் திருகைத் திருப்பினேன். 2000-இல் சரியாக உட்கார்ந்த முள், ஆக்சிலரேட்டரை மிதிக்காமல் ஸ்லோவில் ஓடும்போது 50 கூடுதலாகக் காட்டுகிறது. போகட்டும் என்று விட்டுவிட்டேன். ஓட்டும்போது வேண்டியது மேல் எண்தான்.

ஒரு விசித்திரம். காலையில் ஸ்டார்ட் செய்ததும் முள் பூஜ்யத்திலேயே படுத்திருக்கும், சார்ஜ் விளக்கும் எரிந்துகொண்டிருக்கும். ஒருமுறை ரேஸ் கொடுத்தால் விளக்கு அணையும், அதே நொடியில் முள் துள்ளி எழும். குறைந்த வேகத்தில் ஆல்டர்னேட்டர் இன்னும் மின்சாரம் பிடிக்கவில்லை என்பதுதான் காரணம், மீட்டரில் கோளாறு இல்லை.

நீடாமங்கலம் ரயில்வே கேட்டில் காத்துக் கிடக்கும் நேரத்தில், எஞ்சின் சூடேறச் சூடேற ஸ்லோ எவ்வளவு மாறுகிறது என்று பார்க்க முடிகிறது. சாலையில் நெல் காயும் இடங்களில் இரண்டாவது கியரில் ஊர்ந்தால் 1200-க்குக் கீழே வண்டி உதறுகிறது. டாப் கியரில் 60 போனால் 2300-ஐ ஒட்டி நிற்கிறது.

நான் எதிர்பார்க்காத லாபம் பெல்ட் விஷயத்தில். இரவில் ஹெட்லைட்டைப் போட்டதும் முள் சட்டென்று இறங்கியது, எஞ்சின் சத்தமோ மாறவே இல்லை. பெல்ட் வழுக்குகிறது. ஆல்டர்னேட்டரைக் கொஞ்சம் வெளியே தள்ளி போல்ட்டை முறுக்கினேன், முள் இப்போது அசைவதில்லை. இனி மீட்டருக்குள் இருக்கும் பல்பை மாற்ற வேண்டும், இப்போதுள்ளது கண்ணைக் கூசுகிறது.