அட்டிக்ல ரக்கூன் குடும்பம்

ராத்திரி கூரைக்கு மேல தொம் தொம்னு யாரோ நடக்குற மாதிரி சத்தம் கேட்டா உடனே ஏணி போட்டு ஏறி ஓட்டைய அடைச்சிடாதீங்க மக்களே, முக்கியமா ஏப்ரல் மே மாசத்துல. அப்ப அட்டிக்குள்ள, அதாவது கூரைக்கு அடியில இருக்கிற பரண்ல, இருக்கிறது பெரும்பாலும் தாய் ரக்கூனும் (அமெரிக்கா, கனடா பக்கம் இருக்கிற, முகமூடி போட்ட மாதிரி மூஞ்சி உள்ள விலங்கு) குட்டிங்களும்தான், தாய் வெளிய போன நேரம் பாத்து அடைச்சீங்கன்னா அது திரும்பி வந்து ஷிங்கிள்ஸ (கூரை மேல பதிக்கிற தகடு) பிச்சு எறிஞ்சு புது ஓட்டை போட்டுட்டு உள்ள போகும், செலவு டபுள். பேசாம அட்டிக்ல ஒரு லைட்டும் யாராவது பேசிக்கிட்டே இருக்கிற ரேடியோவும் போட்டு விட்டுடுங்க, அனேகமா தாயே குட்டிய ஒண்ணொண்ணா வாயில கவ்விக்கிட்டு வேற எடம் பாத்துக்கும். எல்லாம் காலி ஆனது உறுதியான பிறகு அரை இன்ச் கம்பி வலை, ஸ்க்ரூ போட்டு டைட்டா. அந்துருண்டையெல்லாம் வேஸ்ட்டு, வீடு நாறுறதுதான் மிச்சம்.

பொறி வச்சு புடிச்சு தூரமா விட்டுட்டு வரலாம்னு ஐடியா குடுக்குறவங்க பேச்ச கேக்காதீங்க, அமெரிக்கால பல மாநிலத்துல அது சட்டப்படி தப்பு, கனடாவோட ஒன்டாரியோ மாகாணத்துல 1 கிலோமீட்டருக்கு மேல கொண்டு போகக்கூடாது.

அப்புறம் அதோட கக்கா. ஒரே எடத்துல போய் போய் குமிச்சு வைக்கும், அதுல உருண்டைப்புழு முட்டை இருக்கலாம், வாய் வழியா உள்ள போச்சுன்னா புழு மூளை வரைக்கும் போகும், அந்த முட்டை ப்ளீச் ஊத்துனாலும் சாகாது, கொதிக்கிற தண்ணிதான். கிளவுஸ் மாஸ்க் இல்லாம கிட்ட போகாதீங்க, சின்னப்பசங்கள அந்தப் பக்கமே விடாதீங்க. குப்பைத்தொட்டிக்கு சும்மா கொக்கி போதும்னு நெனைக்காதீங்க, அதோட கைவிரல் அவ்ளோ சுறுசுறுப்பு 😤