அலெக்ஸ் ராஸ் ஒரு கிளாரினெட்டை எழுதும் விதம்

இசை பற்றி எழுதுகிறவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இரண்டு இடங்களில்தான். 'தேனாய்ப் பாய்ந்தது' என்று நாலு பத்தி உருகுவது ஒன்று. பரீட்சை விடைத்தாள் மாதிரி கலைச்சொற்களைக் கொட்டுவது மற்றொன்று. 1996 முதல் 'நியூயார்க்கர்' பத்திரிகையில் இசை விமர்சனம் எழுதிவரும் அலெக்ஸ் ராஸ் இந்த இரண்டிலும் சிக்காமல் போகிறார். எப்படி என்று பார்க்க, 2007இல் வந்த அவருடைய 'தி ரெஸ்ட் இஸ் நாய்ஸ்' நூலின் தொடக்கப் பக்கங்களே போதும்.

1906 மே 16, ஆஸ்திரியாவின் கிராஸ் நகரம். இசையமைப்பாளர் ரிச்சர்ட் ஸ்ட்ராஸ் தன் 'சலோமி' ஓபராவை, அதாவது இசை நாடகத்தை, தானே நடத்துகிறார். அரங்கேற்றம் ஐந்து மாதம் முன்பே ஜெர்மனியின் டிரெஸ்டனில் முடிந்துவிட்டது. ஆனாலும் ராஸ் டிரெஸ்டனில் தொடங்காமல் கிராஸில் தொடங்குகிறார். தணிக்கையால் வியன்னாவுக்குள் போக முடியாத ஓபராவைக் கேட்க மாலர், புச்சீனி, ஷோன்பெர்க் என்ற இசையமைப்பாளர்கள் எல்லாரும் கிராஸுக்கு வந்து உட்கார்ந்திருந்தார்கள். நூல் முழுக்க வரப்போகிற ஆட்கள் ஒரே கூரையின் கீழ்! பதினேழு வயது ஹிட்லர் அங்கிருந்தாரா என்பதை மட்டும் 'இருந்திருக்கலாம்' என்ற அளவிலேயே நிறுத்துகிறார். ஆதாரம் ஹிட்லர் பின்னாளில் தானே சொல்லிக்கொண்டதுதான்.

கூட்டம் அமர்ந்த பிறகே இசை வருகிறது. முன்னிசை ஏதுமில்லாமல் ஒரு கிளாரினெட் மெல்ல மேலே ஏறுகிறது. அந்த ஏற்றத்தின் முதல் பாதி 'சி ஷார்ப் மேஜர்' என்ற சுருதிக்கு உரியது, மறுபாதி 'ஜி மேஜர்' என்ற சுருதிக்கு. இரண்டுக்கும் நடுவில் ஆறு அரைச்சுருதி, அதாவது ஸட்ஜத்திலிருந்து பிரதி மத்யமம் வரை உள்ள தூரம். பழைய மேற்கத்திய இசை நூல்களில் இதற்கு 'இசைக்குள் இருக்கும் சாத்தான்' என்றே பெயர். இங்கே கலைச்சொல் வெறும் பெயராக நிற்கவில்லை. இரண்டு சுருதிகள் ஒன்றுக்கொன்று முறைத்துக்கொள்வது நிகழ்ச்சியாகிவிடுகிறது. ஸ்வரத்தின் பெயரே தெரியாதவருக்கும் ஏதோ சரியில்லை என்று உறைக்கும்.

இதைப் பழக ஒரு வழி: அவருடைய ஒரு பக்கத்தை நகல் எடுத்து வினைச்சொல், பெயரடை, கலைச்சொல் மூன்றுக்கும் மூன்று நிறத்தில் கோடிடுங்கள். பிறகு பிடித்த பாட்டில் இருபது வினாடியை மட்டும் எடுத்து, பெயரடையே இல்லாமல் ஐந்து வாக்கியம் எழுதுங்கள். எது ஏறியது, எது நின்றது, எந்தக் கருவி எப்போது வாயை மூடியது? கலைச்சொல் ஒன்றுக்கு மேல் வேண்டாம்; அதுவும் மூன்றாவது வாக்கியத்துக்கு முன்னால் வேண்டாம். முதல் வரியிலேயே வைத்தால் புரியாதவர் அங்கேயே கழன்றுகொள்வார்.

அவரைப் பார்த்து எழுதுகிறவர்கள் பிரபலங்களை வரிசையாக உட்காரவைப்பதோடு நின்றுவிடுகிறார்கள். கிளாரினெட் இல்லாத கிராஸ் வெறும் வம்புச் செய்தி. ராஸிடமும் சில இடங்களில் அரசியல் வரலாறு இசையை மூலைக்குத் தள்ளிவிடுகிறது, ஸ்டாலின் காலத்துப் பகுதியில் குறிப்பாக.

அவருடைய கைத்திறன் உச்சத்தில் இருப்பது, என் கணக்கில், 2010இல் வந்த அவருடைய கட்டுரைத் தொகுப்பில், கீழிறங்கும் பேஸ் வரிகளை (பாட்டின் அடியில் ஓடும் தாழ்ந்த ஸ்வர வரிகளை) பற்றிய கட்டுரையில்தான். பர்செல் என்ற ஆங்கிலேய இசையமைப்பாளரின் ஓபராவில் டைடோ என்ற அரசி பாடும் புலம்பலில் பேஸ் மேல் ஸட்ஜத்திலிருந்து காகலி நிஷாதம், கைசிகி நிஷாதம், சதுச்ருதி தைவதம், சுத்த தைவதம் என்று அரைச்சுருதியாகப் பஞ்சமத்துக்கு இறங்கும். அந்த இறக்கத்தையே பிடித்துக்கொண்டு பாக்கின் இசை, அமெரிக்கக் கறுப்பினத்தவரின் புளூஸ், லெட் செப்பலின் என்ற ராக் குழு வரை நடந்துவிடுகிறார். காலவரிசை முதுகெலும்பாக இருக்க வேண்டிய இடத்தில் ஒரு பேஸ் வரி இருக்கிறது.