வாகன நிறுத்தக் கட்டணத்தின் தீர்மான நகல் என் கைக்கு வந்த விதம்

நான் வேலூரில் குடியிருந்தாலும் என் சொந்த ஊர் பழைய வட ஆற்காடு மாவட்டத்து நகராட்சிகளுள் ஒன்று. அங்கே தனியாக இருக்கும் அம்மாவைச் சனிக்கிழமைதோறும் மருத்துவரிடம் அழைத்துச் செல்வேன். மருத்துவமனை இருக்கும் தெருவில் காரை நிறுத்த இடமில்லை. அம்மாவை வாசலில் இறக்கிவிட்டு, பேருந்து நிலையத்தை ஒட்டியுள்ள நகராட்சி வாகன நிறுத்தத்தில் காரை விட்டு வருவது வழக்கம். 2023 ஜூன் மாதத்தில் ஒரு நாள், எனக்கு முன்னால் போன காருக்கு 30 ரூபாய் வாங்கிய பெரியவர் என்னிடம் 40 கேட்டார். அவர் கொடுத்த இளஞ்சிவப்புச் சீட்டில் நகராட்சியின் பெயரும் வரிசை எண்ணும் அச்சாகியிருந்தன. கட்டணம் என்ற சொல்லுக்கு எதிரே வெறும் புள்ளிக்கோடுதான்; அதன்மேல் பேனாவால் 40 என்று எழுதியிருந்தார்.

எந்தக் கணக்கில் என்று கேட்டேன். "ஐயா, நான் தினக்கூலிக்கு நிக்கறவன். சாயந்தரம் இவ்ளோ கட்டியாகணும்னு சொல்லிட்டாங்க. மேல கேட்டுக்கோங்க" என்றார். அவரோடு வாதாடுவதில் பயனில்லை என்பது அப்போதே தெரிந்தது. அவர் சொன்ன இரண்டாவது வாக்கியத்தின் பொருள் ஐந்து மாதங்களுக்குப் பிறகுதான் முழுதாக விளங்கியது.

நகராட்சி அலுவலகத்தில் நேரில் விசாரித்தபோது, அது குத்தகைக்கு விடப்பட்ட இடம் என்றும் குத்தகைதாரரைப் பார்க்கும்படியும் கூறினார்கள். இந்தப் பதில்தான் என்னைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் பக்கம் திருப்பியது. பொது இடத்தில் வசூலிக்கும் கட்டணத்தை முடிவு செய்வது நகர்மன்றத்தின் தீர்மானம். குத்தகைதாரர் அந்தக் கட்டணத்தை வசூலிக்கும் உரிமையை மட்டுமே ஏலத்தில் எடுக்கிறார். அந்தத் தீர்மானம் அலுவலகத்தில் இருந்தே ஆக வேண்டும்.

பத்து ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு முதல் மனுவை அனுப்பினேன். அதில் நான் செய்த பிழையை இங்கே பதிவு செய்வது பிறருக்கு உதவும். "ஏன் 40 ரூபாய் வசூலிக்கப்படுகிறது?" என்று கேட்டிருந்தேன். விளக்கம் கேட்பது தகவல் ஆகாது என்று ஒரே வரியில் பதில் வந்தது. கோபம் வந்தாலும் பதில் சட்டப்படி சரியானதே. அலுவலகத்தில் பதிவாக இருப்பதைத்தான் கேட்க முடியும், காரணம் கேட்க முடியாது. இரண்டாவது மனுவில் கேள்விக்குறியே இல்லை. கட்டணம் நிர்ணயித்த நகர்மன்றத் தீர்மானத்தின் நகல், ஏல அறிவிப்பின் நகல், குத்தகை ஒப்பந்தத்தின் நகல், கோப்பை நேரில் பார்வையிட அனுமதி என நான்கை மட்டும் எழுதி, ஒப்புதல் அட்டையுடன் பதிவஞ்சலில் அனுப்பினேன்.

சட்டம் தரும் 30 நாள் கடந்தும் பதில் இல்லை. முதல் மேல்முறையீடு செய்தேன். தமிழ்நாட்டில் இதற்குக் கட்டணம் கிடையாது. மூன்று வாரத்தில் அழைப்பு வந்தது. எழுத்தர் பக்கத்துக்கு 2 ரூபாய் வீதம் 26 பக்கத்துக்கு 52 ரூபாய் கட்டச் சொன்னார். காலக்கெடு தாண்டிய பிறகு தரும் தகவலுக்குப் பணம் வாங்கக் கூடாது என்று 7(6) பிரிவு கூறுவதை அமைதியாக எடுத்துக் காட்டினேன். 52 ரூபாய் எனக்குப் பெரிய தொகை அல்ல. ஆனால் தாமதம் அலுவலகத்தின் பக்கம் நேர்ந்தது என்பது அந்தக் கோப்பிலேயே பதிவாக வேண்டும் என்று விரும்பினேன். நகல்களை இலவசமாகவே கொடுத்தார்கள்.

2022 பிப்ரவரித் தேர்தலுக்குப் பின் அமைந்த நகர்மன்றம் நிறைவேற்றிய தீர்மானம் அது. அப்போது நடப்பில் இருந்தது 1920-ஆம் ஆண்டின் மாவட்ட நகராட்சிகள் சட்டம். அதற்குப் பதிலான நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம் 2023 ஏப்ரலில்தான் நடைமுறைக்கு வந்தது. தீர்மானப்படி 12 மணி நேரத்துக்குக் காருக்கு 20 ரூபாய், இருசக்கர வாகனத்துக்கு 5 ரூபாய். கட்டணப் பலகையை நுழைவாயிலில் வைக்க வேண்டும், சீட்டில் தொகை அச்சாகியிருக்க வேண்டும் என்பவை ஒப்பந்தத்தின் நிபந்தனைகள். இரண்டுமே நடைமுறையில் இல்லை.

ஆனால் என்னை அதிகம் யோசிக்க வைத்தது குத்தகைத் தொகை. ஆண்டுக்கு 14,60,000 ரூபாய், அதாவது நாளொன்றுக்கு 4,000 ரூபாய். அடுத்த சனிக்கிழமை அந்த இடத்தை நடந்து எண்ணினேன். நெருக்கி நிறுத்தினாலும் 30 கார்களும் 100 இருசக்கர வாகனங்களுமே நிற்கும். ஒவ்வோர் இடமும் ஒரு நாளில் இரண்டு முறை நிரம்புவதாக வைத்துக்கொண்டாலும் கார்களில் 1,200, இருசக்கர வாகனங்களில் 1,000 என மொத்தம் 2,200 ரூபாய்தான் வரும். கூலி, மின்சாரச் செலவெல்லாம் இதிலிருந்தே போக வேண்டும். நகர்மன்றம் ஒரு கையால் 20 ரூபாய் என்று தீர்மானித்துவிட்டு, மறு கையால் அந்தக் கட்டணத்தில் ஒருபோதும் திரட்ட முடியாத தொகைக்கு ஏலத்தை உறுதி செய்திருக்கிறது. கூடுதல் வசூல் பெரியவரின் பேனாவில் தொடங்கவில்லை. ஏலம் முடிந்த அன்றே அது முடிவாகிவிட்டது. எல்லாத் தரப்பும் அறிந்தே இப்படி நடப்பதாக நான் கூறவில்லை. யாரும் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்க்கவில்லை என்றே நம்புகிறேன். ஆயினும் அதன் சுமை மருத்துவமனைக்கு வருபவர் தலையில் விழுகிறது.

தீர்மான நகலையும் மூன்று சீட்டுகளின் நகலையும் இணைத்து, ஆட்சியர் அலுவலகத்தில் திங்கட்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மனு கொடுத்தேன். சில வாரங்களில் நுழைவாயிலில் பலகை வந்தது. சீட்டில் 20 என்ற எண்ணும் அச்சாகி வந்தது. அந்தப் பெரியவர் இன்னும் அங்கேதான் இருக்கிறார். அவருடைய கூலியில் கை வைத்தார்களா என்று கேட்டேன், இல்லை என்றார்.

இந்தக் குத்தகை மூன்றாண்டுக்கு மட்டுமே. அடுத்த ஏலத்தின் குறைந்தபட்சத் தொகையை, நிறுத்தக்கூடிய வாகனங்களின் எண்ணிக்கையையும் தீர்மானித்த கட்டணத்தையும் பெருக்கிக் கணக்கிட வேண்டும் என்றும், நோயாளியை இறக்கிவிட வருபவர்களுக்கு முதல் அரை மணி நேரம் கட்டணமின்றி விட வேண்டும் என்றும் எழுதி, வார்டு உறுப்பினரிடமும் ஆணையரிடமும் கொடுத்து ஒப்புகை பெற்றிருக்கிறேன். ஏல அறிவிப்பு வெளியானதும் அதன் ஆரம்பத் தொகையை 365-ஆல் வகுத்துப் பார்ப்பேன்.