முதலையின் மனைவி பிறகு என்ன சாப்பிட்டாள்?

கடல் பக்கத்து நூலகத்தில் சிறுவர் புத்தகங்களில் முதலில் பழுதாவது தாள் அல்ல, நடுவில் குத்தியிருக்கும் கம்பி. கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் லேன் ஒன்றில் இருக்கிற சிறிய தமிழ் நூலகத்தில் சிறுவர் பகுதியைப் பார்த்துக்கொள்வது என் வேலை. உப்புக் காற்றில் கம்பி துருப்பிடித்து, நடுப்பக்கம் பழுப்புக் கறையோடு கழன்று வரும். அப்படிக் கழன்று வருபவற்றில் பெரும்பாலானவை மிருகக் கதைகள்: நரி, காகம், குரங்கு, முதலை, ஆமை, முயல். ஊசி நூலால் தைத்து மறுபடி அடுக்கில் வைப்போம். இரண்டு கிழமையில் திரும்பி வரும்போது தையல் இருக்கும், அட்டை போயிருக்கும்.

மேசைக்கு வரும் பிள்ளை "நரிப் புத்தகம் வேணும்" என்றால் நான் முதலில் கேட்பது, "பேசுற நரியா, பேசாத நரியா?" என்றுதான். விளையாட்டுக்குக் கேட்பதில்லை. நூல்களைப் பொருள்வாரியாக எண்ணிட்டு அடுக்கும் டூயி பகுப்பு முறையில் பேசாத நரி விலங்கியலோடு 590களில் இருக்கும். பேசுகிற நரி நாட்டார் கதைகளோடு 398.2இல் இருக்கும். பெரும்பாலான பிள்ளைகளுக்குப் பேசுகிற நரிதான் வேண்டும். பேசாத நரியை அவர்கள் எங்கே கண்டார்கள்? தெஹிவளை மிருகக்காட்சிச்சாலை பக்கத்திலேயே இருக்கிறது என்றாலும் அங்கே போகிற கூட்டம் யானைக்கும் சிங்கத்துக்கும் முன்னால்தான் நிற்கிறது. வன்னியில் பிறந்து வளர்ந்த அம்மம்மாவோ, நரி ஊளையிட்டால் கோழிக்கூட்டை எழும்பிப் போய்ப் பார்த்தவர். அந்தப் பிள்ளையும் இந்த அம்மம்மாவும் ஒரே கதையைக் கேட்கும்போது ஒரே நரியை நினைப்பதில்லை.

சனிக்கிழமை காலையில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவது அநேகமாக வீட்டுப் பெரியவர்கள். பெற்றோருக்கு வேலை இருக்கும், இல்லாவிட்டால் மற்றப் பிள்ளையை ரியூஷனுக்குக் கொண்டுபோய் விடவேண்டியிருக்கும். இந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு அவர்கள் அம்மம்மா, அப்பப்பா. கொட்டாஞ்சேனையிலிருந்து வருகிறவர்களுக்குப் பாட்டி, தாத்தா. பிள்ளை புத்தகம் தேடி முடிக்கும் வரை பெரியவர்கள் பத்திரிகை மேசையில் உட்கார்ந்து மரண அறிவித்தல் வாசிப்பார்கள். அதைப் பார்த்துப் பார்த்துத்தான் இவர்களையே கதை சொல்ல வைத்தால் என்ன என்ற யோசனை எங்களுக்கு வந்தது.

புத்தகத்தைப் பார்த்து வாசிப்பதாகத்தான் முதலில் ஏற்பாடு. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, ஒரு எழுத்தும் பிசகாமல், வானொலியில் செய்தி வாசிப்பது போல வாசித்தார்கள். பிள்ளைகள் ஒவ்வொருவராக நழுவி மீன்தொட்டிப் பக்கம் போனார்கள். ஒருநாள் ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் கண்ணாடியைத் துடைப்பதற்காகப் புத்தகத்தை மூடினார். துடைத்தபடியே, "உந்தக் காகம் இருக்கே, அது எங்கட வீட்டு முற்றத்துக் காகம்" என்று தொடங்கிவிட்டார். மீன்தொட்டிப் பக்கம் போனவர்கள் திரும்பி வந்தார்கள். அன்று முதல் எங்களுக்கு ஒரு வழக்கம்: கதை சொல்லும் நேரத்தில் புத்தகம் என் மேசையில் இருக்கும். சொல்லி முடித்த பிறகுதான் எடுத்து நீட்டுவேன். வாசிப்பை வளர்க்கிற இடத்தில் புத்தகத்தை ஒளிக்கிறீர்களே என்று ஒரு தந்தை கேட்டார். கதை கேட்ட பிள்ளை அந்தப் புத்தகத்தைக் கட்டாயம் எடுத்துக்கொண்டு போகிறது, அப்பப்பா சொன்னது சரியா என்று பார்க்க. அதைவிட நல்ல காரணம் வேண்டுமா?

காகமும் நரியும் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். ஈசாப்பின் கதையாக மேற்கில் சொல்லப்படுவதில் காகத்தின் வாயில் இருப்பது பாற்கட்டி. நம்மிடம் அது பாட்டி சுட்ட வடை. எங்கள் சனிக்கிழமையில் அந்த வடை எத்தனை வடையாகிவிட்டது! காரைநகர் அம்மம்மா ஒருவருக்கு அது உளுந்து வடை, வேறு எதுவும் வடையே இல்லை. ஹட்டனிலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் இருக்கும் பாட்டிக்குப் பருப்பு வடை. காலிமுகத்திடலுக்கு ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போகிற ஒரு பையன் எழுந்து, "இசோ வடையா?" என்றான். இறால் மேலே குத்தியிருக்கிற வடையைக் காகம் எப்படித் தூக்கும், இறால் விழாதா என்று கொஞ்ச நேரம் விவாதம். தபாலதிபருக்கு வடை முக்கியமில்லை. "பாட்டிக்கு ஆர் காசு குடுத்தது? காகம் களவெடுத்தது, நரி களவெடுத்தது. நட்டம் ஆருக்கு?" என்று கேட்டார். நான் இத்தனை காலம் அந்தக் கதையை நரியின் பக்கமிருந்தும் காகத்தின் பக்கமிருந்தும் பார்த்திருக்கிறேன். பாட்டியின் கணக்கை யாரும் பார்த்ததில்லை. முத்திரை விற்றுக் கணக்கு முடித்த மனிதருக்குத்தான் அது தோன்றும்.

குரங்கும் முதலையும் கதைதான் எங்களுக்கு நெடுநாள் ஓடியது. பஞ்சதந்திரத்தில் குரங்கு நாவல் மரத்தில் இருக்கிறது. முதலைக்குப் பழம் கொடுத்து நட்பாகிறது. முதலையின் மனைவி அந்த இனிப்புப் பழம் தின்கிற குரங்கின் இதயத்தைக் கேட்கிறாள். அம்மம்மா ஒருவர் இப்படிச் சொல்லி முடித்தபோது, எங்கள் நூலகத்தில் கதவு திறந்து பூட்டுகிற சிங்களப் பெரியவர் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். நல்ல தமிழ் பேசுவார். "அது அத்தி மரம் அம்மா" என்றார். அவர் அதைச் சிறுவயதில் பன்சலையில், அதாவது பௌத்த விகாரையில், ஞாயிறு தஹம் பள்ளி என்ற அறநெறி வகுப்பில் கேட்டிருக்கிறார். புத்தரின் முற்பிறப்புகளைச் சொல்லும் ஜாதகக் கதைகளில் அந்தக் குரங்கு போதிசத்துவர். இதயத்தை மரத்தில் விட்டுவிட்டு வந்தேன் என்று சொல்லி கரையில் தொங்கும் அத்திப் பழங்களைக் காட்டும். முக்கியமான வேறுபாடு மரத்தில் இல்லை. அங்கே இருவரும் முன்பு நண்பர்கள் அல்ல. முதலை குரங்கைப் பிடிப்பதற்காகவே வந்து, ஆற்றுக்கு அப்பால் நல்ல பழம் இருக்கிறது என்று ஆசை காட்டுகிறது.

அன்று பிள்ளைகளுக்குள் சண்டை: எந்த முதலை மோசம்? நட்பாக இருந்து ஏமாற்றிய முதலையா, முதலிலேயே ஏமாற்ற வந்ததா? பழத்தைத் தின்றுவிட்டு ஏமாற்றியதுதான் மோசம் என்றது ஒரு கட்சி. அது அழுதுகொண்டுதானே கூட்டிப் போனது என்றது மறு கட்சி. நடுவில் ஒரு சின்னப் பெண், "முதலையின்ட வைஃப் பிறகு என்ன சாப்பிட்டா?" என்று கேட்டாள். பெரியவர்கள் ஒருவரிடமும் பதில் இல்லை. வெள்ளவத்தைக் கால்வாயில் முதலையைக் கண்டதாக அவ்வப்போது செய்தி வருகிற ஊரில், அது வெறும் கதைக் கேள்வியும் இல்லை.

பௌத்தர்களின் வெசாக் பண்டிகை வந்தால் பொரளை, பேலியகொடை, தொட்டலங்கப் பக்கம் எழுப்பும் பெரிய மின்பந்தல்களில் இந்த ஜாதகக் கதைகளே படம் படமாக எரிந்து அணையும். ஒலிபெருக்கியில் ஒருவர் கதையைப் பாடிச் சொல்வார். கொழும்புத் தமிழ்ப் பிள்ளைகள் அப்பாவின் தோளிலிருந்து அதைப் பார்த்து வளர்கிறவர்கள். வேறு மிருகத்தின் தோலைப் போர்த்திக்கொண்ட கழுதையின் கதை, வாய் திறந்து விழுந்த ஆமையின் கதை எல்லாம் பஞ்சதந்திரத்திலும் உண்டு, ஜாதகத்திலும் உண்டு. எது எங்கிருந்து வந்தது என்று ஆராய்கிறவர்கள் ஆராயட்டும். எங்கள் வாசலில் நிற்கும் மனிதர் இப்போது வாசலில் நிற்பதில்லை, உள்ளே வந்து உட்காருகிறார்.

எல்லா மாற்றமும் வடை மாதிரி வேடிக்கையானதல்ல. ஆடு மேய்க்கிற பையன் பொய்யாகக் கத்துகிற கதையைத் தபாலதிபர் சொன்னபோது, கதையில் வந்தது ஓநாய். பேரன் விடவில்லை. "புலி, அப்பப்பா. புத்தகத்தில புலி." அவர் சரி சரி என்று ஓநாயோடேயே கதையை முடித்தார். பிறகு என்னிடம் மெல்லச் சொன்னார். யுத்த காலத்தில் மகனுக்கு இந்தக் கதையை பஸ்ஸில் வைத்துச் சொல்லவேண்டி வந்ததாம். சோதனைச் சாவடிகள் நிறைந்த காலி வீதியில், தமிழில், "புலி வருது, புலி வருது" என்று நடித்துக் காட்ட எந்தத் தகப்பன் துணிவான்? அன்று ஓநாய் வந்தது. மகன் தன் பிள்ளைக்கும் ஓநாய் என்றே சொன்னான். இலங்கையில் ஓநாயே கிடையாது என்பது வேறு விஷயம். இந்த நாட்டில் வளர்ந்த பலருக்கு அந்தக் கதையில் ஏன் ஓநாய் என்று தெரியாமலே இருக்கக்கூடும். நான் அந்தப் பேரனிடம் ஒன்றும் சொல்லவில்லை. அதை அவனுக்குச் சொல்லவேண்டியவர் அப்பப்பா.

சில இளம் தாய்மார் வேறு விதமான மாற்றம் கேட்பார்கள். "மிஸ், கடைசியில் சாகாத மாதிரிக் கதை இருக்கா?" இந்தக் கதைகள் தொட்டில் பிள்ளைகளுக்கென்று பிறந்தவை அல்லவே. படிப்பு ஏறாத மூன்று இளவரசர்களுக்கு ஆறு மாதத்தில் அரசியல் கற்பிக்க விஷ்ணுசர்மர் சொன்னவையாகத்தான் பஞ்சதந்திரம் தன்னைச் சொல்லிக்கொள்கிறது. அதன் முதல் பகுதியில் சிங்கத்துக்கும் எருதுக்கும் இருந்த நட்பைத் தமனகன் என்ற நரி கோள் சொல்லிக் கெடுக்கிறது. எருது சாகிறது. நரி தண்டனையில்லாமல் அமைச்சராகவே இருந்துவிடுகிறது. 8ஆம் நூற்றாண்டில் இதை அரபுக்குக் கொண்டுபோன இப்னுல் முகஃப்பாவுக்கும் அது பொறுக்கவில்லை போலும். நரியை விசாரித்துத் தண்டிக்கிற ஒரு அத்தியாயம் அவருடைய நூலில் சேர்ந்திருக்கிறது. 1826இல் தாண்டவராய முதலியார் தமிழ் உரைநடையில் தந்தபோது அவரும் அதைப் பிள்ளைகளுக்கான படப் புத்தகமாக நினைத்து எழுதவில்லை. ஆக, அந்தத் தாய்மாரின் தவிப்பு பழையது. ஆனாலும் நான் சாகாத கதையைத் தேடிக் கொடுப்பதில்லை. சர்வதேசப் பாடசாலைப் பிள்ளைகள் ஆசையாகக் கேட்கும் பீட்டர் முயல் என்ற ஆங்கிலக் கதைப் புத்தகம் 1902இல் வந்தது. அதன் தொடக்கத்திலேயே அப்பா முயலைத் தோட்டக்காரர் வீட்டில் மாவுக்குள் வைத்து 'பை' (pie) என்ற பலகாரமாகச் சுட்டுவிட்டார்கள் என்று வருகிறது. அழகான நீலச் சட்டைப் படத்தைப் பார்த்து வாங்கும் யாரும் அதைக் குறை சொல்லி நான் கேட்டதில்லை.

எனக்கு உண்மையில் பிடிக்காதது ஒன்றுதான்: கதை முடிந்த அடுத்த நொடி, "சரி, இதில் இருந்து என்ன படிப்பினை?" என்று கேட்பது. புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பிள்ளையைத் தயார்ப்படுத்தும் பெற்றோரும் சில ஆசிரியர்களும் இதை விடமாட்டார்கள். அந்தக் கேள்வி வந்ததும் பிள்ளைகளின் முகம் வகுப்பறை முகமாகிவிடும். முதலையின் மனைவியைப் பற்றிக் கேட்ட பெண்ணிடம் படிப்பினை கேட்டிருந்தால் அவள் வாயைத் திறந்திருக்கமாட்டாள்.

2022 மார்ச் கடைசியில் ஒரு நாளுக்கு 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்றபோது, அடுக்குமாடிகளில் லிஃப்ட் ஓடவில்லை. ஏழாம் மாடி அம்மம்மாக்கள் கீழே இறங்கவில்லை. எங்கள் சனிக்கிழமையும் நின்றது. ரூபாய் சரிந்து சென்னைப் படப் புத்தகங்களின் விலை எங்களுக்கு எட்டாத உயரத்துக்குப் போனது. கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே தள்ளிப்போன காலம் அது. அப்புறம் நிலைமை சீரானபோது திரும்பி வந்த பிள்ளைகளிடம் புதுக் கதைகள் இருந்தன. இருட்டில் படிக்கட்டில் உட்கார்ந்து அயல்வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டவையாம். ஒரு கதையில் ஆமை ஜெனரேட்டர் வைத்திருந்தது.

இப்போது கைப்பேசியில் பதிவும் செய்கிறோம். காரைநகர் அம்மம்மாவின் பேத்தி ரொறன்ரோவில். கோடையில் அங்கே கடிகாரம் ஒன்பதரை மணித்தியாலம் பின்னால் இருப்பதால், இவர் விடிய ஆறு மணிக்குத் தேத்தண்ணி குடிக்கமுதல் வாட்ஸ்அப்பில் அவளுக்குப் படுக்கைக் கதை சொல்லுகிறார். அவளுக்குத் தமிழ் விளங்கும், பேசுவது கஷ்டம். அதனால் ஆங்கிலத்தில்தான் குறுக்கே கேட்பாள். அம்மம்மா தமிழில் பதில் சொல்வார். நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிற வழியில் போன முறை இருவரும் இங்கே வந்தார்கள். அவள் காகக் கதையைத் தானே சொல்வதாக எழுந்து, பாதி தமிழ் பாதி ஆங்கிலத்தில், காகம் வடையைக் காலுக்குக் கீழே வைத்துவிட்டுப் பாடியதாக முடித்தாள். அம்மம்மா அப்படிச் சொல்லிக் கொடுக்கவில்லை என்று சாதித்தார். பக்கத்தில் இருந்த பாட்டி, தன் ஊரில் அப்படித்தான் சொல்வார்கள் என்றார். மூன்று பேரின் குரலும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிவாகியிருக்கிறது.

பேத்தியின் தகப்பன் அந்தப் பதிவை அனுப்பச் சொல்லி எழுதியிருந்தார். குறுக்கே பேசுவதையெல்லாம் வெட்டி, அம்மம்மாவின் குரல் மட்டும் சுத்தமாக வருகிற மாதிரித் தர முடியுமா என்று கேட்டார். வெட்டிப் பார்த்தோம். "இல்லை", "ஆர் சொன்னது?", "நான் அப்பிடிச் சொல்லேல்லை" என்பவைதான் மிஞ்சின. முழுவதையும் அப்படியே அனுப்பிவைத்தேன்.