சுபேதார் தாத்தாவும் ஒரு படை எண்ணும்

ஊராட்சி மன்றக் கட்டடத்தில் தாத்தாவின் படத்தைத் திறக்கிறார்களாம். கீழே எழுத அவருடைய இராணுவ விவரம் வேண்டும் என்றார்கள். இரண்டு வார வேலை என்று தலையாட்டினேன். 14 மாதம் ஆனது.

கையில் இருந்தது அறுபதுகளில் அவர் தலைவர் பதவிக்கு நின்றபோது அடித்த தேர்தல் நோட்டீஸ் மட்டும். "பர்மா போர்முனை கண்ட சுபேதார், ஏர் பிடிக்கும் விவசாயி" என்று கொட்டை எழுத்தில். அதை நம்பித்தான் கெட்டேன்.

முதலில் போன அலுவலகத்தில் எழுத்தர் அதைக் கையில்கூட வாங்கவில்லை. "படை எண் இருக்கிறதா?" சிப்பாய் ஒவ்வொருவருக்கும் இராணுவம் கொடுக்கும் எண்ணாம். இல்லை. "1947க்கு முந்தியது என்றால் லண்டனில் கேளுங்கள்." அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார். லண்டனுக்கும் எழுதித் தொலைத்தேன். நீங்கள் எழுதாதீர்கள். சாதாரணச் சிப்பாயின் கோப்பு இங்கேதான், அந்தந்தப் படைப்பிரிவின் ஆவண அலுவலகத்தில் இருக்கும். தாத்தா பாலம் போட்ட கதைதான் சொல்வார். ஆகவே இராணுவத்தில் பாலம், பாதை போடும் பொறியாளர் படையான மெட்ராஸ் சாப்பர்ஸ், பெங்களூர்.

தகவல் உரிமைச் சட்டத்தில் மனுப் போட்டேன். 10 ரூபாய் போஸ்டல் ஆர்டரில் யார் பெயரை எழுத வேண்டும் என்று கேட்காமல் எழுதியதால் திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினால், பெயரை மட்டும் வைத்துத் தேட முடியாது என்று பதில். மறுபடியும் எண்!

அத்தைதான் வழி காட்டினார். "அப்பாவுடைய நட்சத்திரம் ஒன்று பரணில் கிடக்குமே." பழைய கட்சித் துண்டில் சுற்றியிருந்தது: ஆறு முனை, கருநீல நாடா, நடுவில் அகலமான சிவப்பு. பர்மா ஸ்டார், இரண்டாம் உலகப் போரில் பர்மா முனையில் இருந்தவர்களுக்குக் கொடுத்த பதக்கம். இத்தனை வருடம் முன்பக்கத்தை மட்டும்தான் பார்த்திருக்கிறோம். புரட்டினால் பின்பக்கத்தில் எண்ணும் பெயரும்! பிரிட்டிஷ் சிப்பாய்களுக்கு அதை வெறுமையாகத்தான் கொடுத்தார்களாம். இந்தியர்களுக்குப் பொறித்துக் கொடுத்திருக்கிறார்கள். பளபளக்கட்டும் என்று புளி போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்துதான் தேயும். அத்தை கிளம்பினார், பிடுங்கி வைத்தேன்.

எண்ணோடு அனுப்பியதும் ஐந்து வாரத்தில் ஷீட் ரோல், அதாவது அவருடைய பணிப் பதிவேட்டின் நகல் வந்துவிட்டது. 1942இல் சேர்ந்தார், தொழில் உழவு, 1946இல் விடுவிப்பு. பதவி: லான்ஸ் நாயக், சிப்பாய்க்கு ஒரே ஒரு படி மேல்.

சுபேதார் இல்லை. பக்கத்தில்கூட இல்லை. படச் சட்டத்தில் பெயிண்டர் அதற்குள் "சுபேதார்" என்று எழுதி முடித்திருந்தார். அழிக்கச் சொல்லட்டுமா என்று அத்தையைக் கேட்டேன்.

"ஓட்டுப் போட்டவர்களே கேட்கவில்லை, நீ ஏன் கேட்கிறாய்?" என்றார்.